பெயர் தெரியாத செடியும் எங்கள் வீட்டுக் கறுப்பனும்

நாயை ‘வாயில்லா ஜீவன்’ என்று சொல்வது நம் வழக்கம். எங்கள் வீட்டுக் கறுப்பனைப் பொறுத்தவரை இது முழுப் பொய். அவனுக்கு இருப்பதெல்லாம் வாய்தான். செருப்பு, துடைப்பம், பேரனின் கணக்கு நோட்டு, என் மூக்குக்கண்ணாடிக் கூடு என்று அந்த வாய்க்குள் போகாத பொருள் வீட்டில் இல்லை. கரமனை ஆற்றங்கரையில் ஒரு மழைநாளில் பேரன் தூக்கிக்கொண்டு வந்த நாட்டு நாய்க்குட்டி அவன். இப்போது வயது எட்டு மாதம். இந்தக் கட்டுரையை எழுத வைத்தவனும் அவனே.

சென்ற ஆவணியில் நாகர்கோவிலில் ஓர் உறவினர் வீட்டுக் கிரகப்பிரவேசம். முன்பெல்லாம் தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலை பாக்கு, சாத்துக்குடி இருக்கும். இப்போது சிறு பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு செடி கொடுக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், குறை சொல்வதற்கில்லை. தொட்டியில் ‘லக்கி ஜேட்’ என்று ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தது. ‘வீட்டிலே வெச்சா காசு தங்கும்’ என்று கொடுத்தவர் சொன்னார். வங்கியில் முப்பது ஆண்டு பிறர் காசை எண்ணியே ஓய்வு பெற்றவன் நான். எனக்கும் கொஞ்சம் தங்கட்டுமே என்று பத்திரமாகத் திருவனந்தபுரம் கொண்டுவந்து சேர்த்தேன்.

எங்கள் வராந்தாவில் ஏற்கெனவே ஒரு ஜேட் உண்டு. பேரூர்க்கடை போகும் வழியில் ஒரு தள்ளுவண்டியில் வாங்கியது. கறுப்பன் அதன் இலையைப் பலமுறை கடித்துத் துப்பியிருக்கிறான். ஒன்றும் ஆனதில்லை. ஆகவே புதியதையும் அதன் பக்கத்திலேயே தரையில் வைத்தேன். மருமகள் மட்டும், “மாமா, நாய் கடிச்சிடப் போகுது, எட்டாத இடத்துல வைங்க” என்றாள். “அதெல்லாம் பழகின செடிதாம்மா” என்று பெரிய தாவரவியல் பேராசிரியர் தோரணையில் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மறுநாள் மாலை கறுப்பன் மூன்று முறை வாந்தியெடுத்தான். எழுந்து நடந்தால் கால் பின்னியது. வாசலில் மீன்காரர் குரல் கேட்டும் தலையைத் தூக்கவில்லை. அப்போதுதான் எங்களுக்குப் பயம் வந்தது. பேரன் அழ ஆரம்பித்தான். ஆட்டோவைப் பிடித்து மிருக வைத்தியரிடம் ஓடினோம்.

வைத்தியர் இளம் பெண். “எந்தா கழிச்சது, அங்கிள்?” என்று கேட்டார். (என்ன தின்றான் என்று பொருள். நாற்பது ஆண்டுக்கு மேல் இங்கே வாழ்ந்தும், ‘கழிச்சது’ என்று கேட்டால் என் திருநெல்வேலிக் காது ஒரு கணம் தடுமாறத்தான் செய்கிறது.) “ஜேட் செடி” என்றேன். அவர் உடனே, “ஏது ஜேட்?” என்றார்.

எந்த ஜேட் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஓர் இலையைக்கூடக் கையில் எடுத்துப் போகவில்லை. வீட்டுக்குப் போன் செய்து, மருமகள் படம் பிடித்து அனுப்பி, அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. அதற்குள் பத்து நிமிடம் போய்விட்டது. அன்று அந்தப் பத்து நிமிடத்தால் கேடு ஒன்றும் வரவில்லை. நீர்ச்சத்து ஏற்றி, ஊசி போட்டு, ராத்திரி முழுவதும் கவனிக்கச் சொல்லி அனுப்பினார். இரண்டாம் நாள் கறுப்பன் எழுந்து என் செருப்பைத் தேடினான். அந்தச் செருப்பை அவனிடமிருந்து பிடுங்க என் மனைவிக்கு மனம் வரவில்லை.

அன்பர்களே, இதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்து படித்தேன். ஜேட் என்ற ஒரே பெயரில் நம் ஊரில் இரண்டு செடிகள் விற்கிறார்கள். இரண்டுக்கும் பூர்வீகம் தென்னாப்பிரிக்கா. இரண்டும் இலையில் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் சதைப்பற்றுச் செடிகள். ஆனால் குலம் வேறு, குணம் வேறு. ஒன்றின் பெயர் போர்ட்டுலகேரியா ஆப்ரா. விரல் நகம் அளவுக்குச் சிறிய வட்ட இலை, செம்பழுப்புத் தண்டு. அதன் சொந்த நாட்டில் யானையும் ஆடும் அதை விரும்பித் தின்கின்றன, மனிதர்களும் புளிப்புக்காக மெல்லுகிறார்கள். எங்கள் பழைய ஜேட் அதுதான். மற்றது கிராசுலா ஓவாட்டா. இலை பெரிதாக, தடித்து, முட்டை வடிவில் பளபளப்பாக இருக்கும். ஓரத்தில் சில சமயம் சிவப்புக் கோடு ஓடும். நாய் அதைத் தின்றால் வாந்தி, சோர்வு, கால் தள்ளாட்டம் வரும். அதில் உள்ள நச்சுப்பொருள் இன்னதென்று விஞ்ஞானிகள் இன்னும் பிரித்துச் சொல்லவில்லை. ஆனாலும் அமெரிக்காவில் 1866ஆம் ஆண்டு தொடங்கிய ஏ.எஸ்.பி.சி.ஏ. என்னும் பிராணி வதைத் தடுப்புச் சங்கம் தன் நச்சுச் செடிப் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறது.

ஆக, ‘ஜேட் செடி நாய்க்கு ஆகுமா?’ என்று கேட்டால், ஆகும் என்பதும் ஆகாது என்பதும் சரியான விடைதான்! ஆபத்து செடியில் பாதி, பெயரில் பாதி. செடிக்கு உண்மையான பெயரை எழுதாமல் விற்பதும், பெயரைக் கேட்காமல் நாம் வாங்குவதும்தான் நாயுள்ள வீட்டுக்கு முதல் விபத்து என்பது என் தாழ்மையான கருத்து.

இந்தக் கிராசுலாவின் சொந்தபந்தங்களைப் பார்த்தால் கொஞ்சம் கவலையாகவே இருக்கும். பூங்கொத்துப் போல சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துக் குலுங்கும் கலாஞ்சோ அதே குடும்பம். நம் ரணகள்ளியும் அதன் நெருங்கிய உறவு. இலையை மண்ணில் போட்டால் ஓரத்தில் குட்டி முளைக்குமே, மலையாளிகள் ‘இலமுளச்சி’ என்பார்கள், அதுதான். சிறுநீரகக் கல்லுக்கு நல்லது என்று இங்கே பக்கத்து வீட்டுச் சேச்சிகள் அடிக்கடி சிபாரிசு செய்வது இதைத்தான். இந்தக் கலாஞ்சோ வகைகளில் இதயத்தின் துடிப்பையே குலைக்கக்கூடிய பொருள்கள் உள்ளன, அதிலும் பூவில் அதிகம். ஆஸ்திரேலியாவில் இவ்வகைச் செடிகளை மேய்ந்து மாடுகள் செத்த கதைகள் நிறைய உண்டு. தென்னாப்பிரிக்காவில் இதே குடும்பச் செடிகளைத் தின்ற ஆடுகளுக்குக் ‘கிரிம்ப்சீக்டே’ என்றொரு நோய் வருகிறது. அந்த நோயால் செத்த ஆட்டின் இறைச்சியைத் தின்ற நாய்களுக்கும் விஷம் ஏறியிருக்கிறது. செடியை முகர்ந்துகூடப் பார்க்காத நாய்க்கு இப்படி ஒரு விதி!

நாய் ஓர் இலையைக் கடித்தால் உடனே செத்துவிடும் என்று யாரும் பயப்பட வேண்டாம். வயிற்றைக் கலக்குகிற செடிகள் ஒரு வகை, இதயத்தைத் தொடுகிற செடிகள் வேறு வகை. வீட்டுக்குள் நாம் வைக்கும் சதைப்பற்றுச் செடிகளில் பெரும்பாலானவை முதல் வகை. வாந்தி, பேதி, ஒரு நாள் சோர்வு, அத்தோடு சரி. குட்டியும் சின்ன ஜாதி நாயும்தான் அதிகம் பாதிக்கப்படும். உடம்பு சிறிதென்றால் அதே இலை பெரிய அளவாகிவிடும்.

முதல் வகையில் நம் எல்லோருக்கும் வேண்டியது ஒன்று உண்டு. கற்றாழை! இதைச் சொன்னால் நம்மவர்களில் பாதிப்பேர் கோபித்துக்கொள்வார்கள். “குமரியைப் போய் விஷம் என்கிறீரே, நாங்கள் மோரில் போட்டே குடிக்கிறோமே” என்பார்கள். உண்மைதான். ஆனால் என் ஆச்சி அம்பாசமுத்திரம் வீட்டில் கற்றாழையை எப்படிச் சீவுவாள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. முதலில் மடலை நிறுத்தி வைத்து மஞ்சள் பாலை வடிய விடுவாள். பிறகு தோலைச் சீவுவாள். உள்ளே இருக்கும் நுங்கு போன்ற சோற்றை ஏழு தண்ணீரில் கழுவுவாள். ஏன் ஏழு என்று கேட்டால், “எண்ணாதலே, கழுவு” என்பாள்.

அந்த மஞ்சள் பாலில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதைக் காய்ச்சி உலர்த்தினால் கிடைக்கும் கசப்புக் கட்டியைத் தமிழில் கரியபோளம், மூசாம்பரம் என்பார்கள். மலையாளத்தில் சென்னிநாயகம். பால் மறக்காத பிள்ளைக்குத் தாய்மார்கள் மார்பில் தடவுவது இங்கே பழைய வழக்கம். குடலைப் பிடித்து உலுக்கும் பேதி மருந்து அது. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2002இல், கற்றாழைப் பால் சேர்ந்த பேதி மருந்துகள் பாதுகாப்பானவை என்பதற்குப் போதிய ஆதாரம் தரப்படவில்லை என்று சொல்லி, சீட்டில்லாமல் கடையில் விற்பதை நிறுத்தியது. மனிதனுக்கே இந்தப் பாடு. கறுப்பன் கற்றாழையைத் தின்றால் பாலை வடிய விட்டுத் தோலைச் சீவித் தின்ன மாட்டான். ஏழு தண்ணீரில் கழுவவும் மாட்டான்! ஆச்சிக்கு நன்மை செய்த அதே மடல் நாய்க்கு வாந்தியும் பேதியும் தருவது இதனால்தான். (திருஷ்டிக்காகக் கற்றாழையை வாசல் நிலையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடும் நம் வழக்கம் இந்த விஷயத்தில் மிகச் சிறந்தது. நாய்க்கு எட்டாது.)

கற்பூரவல்லியும் இப்படித்தான். இங்கே பனிக்கூர்க்கை. சளிக்கு இதன் சாற்றைக் குழந்தைக்குப் புகட்டாத வீடு கரமனையிலும் இல்லை, வலியசாலையிலும் இல்லை. அதுவும் நாய்க்கு ஆகாதவை பட்டியலில் இருக்கிறது. அதன் வாசனை எண்ணெய் நாயின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. வரிவரியாக வாள்போல் நிற்கும் மருள் வகைச் செடியும் அந்தப் பட்டியலில் உண்டு. காற்றைச் சுத்தம் செய்யும் என்று இப்போது படுக்கையறையில்கூட வைக்கிறார்கள்.

‘நாம் சாப்பிடுவது நாய்க்கும் ஆகும்’ என்ற கணக்கே தப்பு என்பதற்கு அடுக்களையிலேயே சாட்சி உண்டு. வெங்காயமும் இங்கத்து உள்ளியும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021இல்தான் சொன்னார்கள். அதே அமிலம் புளியில் நிறைய உண்டு. மீந்துபோன புளியோதரையை நாய்க்கு வைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது வகை, அதாவது இதயத்தைத் தொடுவது, எண்ணிக்கையில் குறைவு. அதில் கலாஞ்சோவை விட எனக்குப் பயம் தருவது அடீனியம். தடித்த அடிமரமும் இளஞ்சிவப்புப் பூவுமாகக் குட்டி ஆலமரம் போல நிற்கும். ‘பாலைவன ரோஜா’ என்று விற்கிறார்கள். இந்நகரத்து மொட்டை மாடிகளில் இன்று அடீனியம் இல்லாத மாடி அபூர்வம். ஆனால் அது ரோஜா அல்ல, அரளியின் தங்கை. ஆப்பிரிக்க வேடர்கள் அம்பு முனையில் தடவிய விஷங்களில் அதன் பாலும் ஒன்று.

அரளி என்றதும் இவ்வூர் வாசகர்களுக்கு 2024 நினைவுக்கு வரும். ஓர் இளம்பெண்ணின் மரணத்தில் அரளியின் மேல் சந்தேகம் விழ, அந்த ஆண்டு மே மாதத்தில் நந்தன்கோட்டில் தலைமையிடம் கொண்ட திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, நிவேதியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ வேண்டாம், துளசியும் தெச்சியும் போதும் என்று முடிவெடுத்தது. மலபார் தேவஸ்வம் போர்டும் அவ்வாறே செய்தது. தோவாளைச் சந்தையிலிருந்து லாரியில் வரும் பூவைத் தலைமுறை தலைமுறையாகக் கோவிலில் பார்த்தவர்கள் நாம். அரளி விதையின் பெயரைக் கேட்டாலே நடுங்கும் கிராமங்களிலிருந்து வந்தவர்களும் நாம். இருந்தும், பிரசாதம் கைக்கும் வாய்க்கும் போகிற பொருள் என்று எண்ணிப் பார்க்க நமக்கு 2024 வரை ஆகியது. அரளிக்கே இவ்வளவு காலம் ஆனால், நேற்று வந்த அடீனியத்தின் சங்கதி யாருக்குத் தெரியும்? பெயரில் ரோஜா என்று இருக்கிறதே!

ஈந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது சதைப்பற்றுச் செடி அல்ல, ஆனால் அதே தொட்டி வரிசையில் நிற்பது. வடகேரளத்தில் ஈந்தங்காயைப் பக்குவமாகப் பலமுறை நீர் மாற்றி ஊறவைத்து, நச்சு நீக்கி, உலர்த்திப் பொடித்துப் பலகாரம் செய்கிறார்கள். அந்தக் குடும்பத்து அலங்காரச் செடிகளின் விதையைப் பச்சையாக ஒன்றிரண்டு தின்றாலே நாயின் ஈரல் அழிந்துபோகலாம். நாயுள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம் என்பேன்.

இதைப்பற்றி நான் பேசப் போனால் எதிர்ப்பு இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. எங்கள் காலனியில் ஒரு பெரியவர், “நாய்க்கு எது ஆகாதென்று நாய்க்கே தெரியும் ஐயா, காட்டில் யார் அதற்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?” என்கிறார். காட்டில் சரி. தென்னாப்பிரிக்காச் செடியும் மடகாஸ்கர் செடியும் அரேபியச் செடியும் ஒரே வராந்தாவில் வரிசையாக நிற்கும் காட்டை எந்த நாயின் முன்னோர் கண்டார்கள்? மேலும், தனியாகப் பூட்டிவைத்த குட்டி பசிக்காகக் கடிப்பதில்லை, பொழுது போகாமல் கடிக்கிறது. அப்போது நாக்குக்கு ருசியும் பார்ப்பதில்லை.

இன்னொரு பக்கம் என் மகள் ஷார்ஜாவிலிருந்து ஒரு நீண்ட பட்டியலை அனுப்பிவைத்து, “அப்பா, எல்லாச் செடியையும் தூக்கி எறியுங்கள்” என்கிறாள். அதுவும் எனக்குச் சம்மதமில்லை. அடுக்குமாடி வீட்டில் அரை சென்ட் மண் இல்லாத நமக்கு, ஊர்த் தோட்டத்தின் மிச்சமாக இருப்பது அந்த ஐந்தாறு தொட்டிகள்தான். என் மனைவியின் கற்பூரவல்லி அவள் தாய்வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு கிளையாக வந்தது. அதை எறியச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, நியாயமும் இல்லை. உயரத்தில் ஓர் ஆணி அடித்தால் தீர்கிற சங்கதி அது. புதிதாக வாங்குபவர்களுக்கு ஹாவோர்த்தியா, எச்சிவேரியா, கிறிஸ்துமஸ் கள்ளி என்று நாய்க்குத் தீங்கில்லாதவையும் இருக்கின்றன. நான் அடீனியத்தை மட்டும் நாயில்லாத ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டேன். கலாஞ்சோவை மாடிக்கு ஏற்றிவிட்டேன்.

அப்படியும் கடித்துவிட்டால்? என்னைப் போல வெறுங்கையோடு ஓடாதீர்கள். கடிபட்ட இலையையோ தொட்டியையோ எடுத்துக்கொண்டு போங்கள். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தியெடுக்க வைக்கும் பழைய கைவைத்தியம் கூடவே கூடாது. உப்பு அதிகமானால் அதுவே நாய்க்கு விஷம். தள்ளாடும் நாய்க்கு எதைப் புகட்டினாலும் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். கள்ளிப் பால் கண்ணிலோ வாயிலோ பட்டிருந்தால் நல்ல தண்ணீரில் நிறையக் கழுவலாம். குடப்பனக்குன்னில் கால்நடைத் துறையின் பெரிய மருத்துவமனை இருக்கிறது. அதன் தொலைபேசி எண்ணை இன்றே ஒரு சீட்டில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவையுங்கள்.

மற்றது, கடைக்காரர்களிடம் கேட்க வேண்டியது. மாத்திரை அட்டையில் மருந்தின் பெயர் இருக்கிறது. பிஸ்கட் பொட்டலத்தில் சேர்மானம் இருக்கிறது. செடித் தொட்டியில் மட்டும் ‘லக்கி’ என்றால் போதுமா? இலத்தீன் பெயர் ஒரு வரி, தின்றால் ஆகுமா ஆகாதா என்று இன்னொரு வரி. இதற்கு என்ன செலவு? வாங்குகிற நாம் பத்துப்பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவர்களே எழுதிவைப்பார்கள். தாம்பூலப் பையில் செடி கொடுக்கும் உறவினர்களுக்கும் இதையே சொல்வேன். வெற்றிலைக்குச் சீட்டு வேண்டாம், அதை எல்லோருக்கும் தெரியும். பெயர் தெரியாத ஒன்றைக் கொடுக்கும்போது பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்.

எங்கள் வீட்டில் பேரன் அதை ஆரம்பித்துவிட்டான். ஒவ்வொரு தொட்டிக்கும் தமிழ், மலையாளம், இலத்தீன் என்று மூன்று பெயரும் எழுதிய சீட்டுக் கட்டியிருக்கிறான். தமிழ்ப் பெயரை என்னிடமும், மலையாளப் பெயரை அடுத்த வீட்டுச் சேச்சியிடமும் கேட்டு எழுதினான். ஆகாத செடிக்குச் சிவப்பு மை, மற்றவற்றுக்குப் பச்சை. பழைய ஜேடுக்குப் பச்சைச் சீட்டு, தரையில் இடம். புதிய ஜேடுக்குச் சிவப்புச் சீட்டு, அலமாரிக்கு மேல் இடம்.

அந்தப் பச்சைச் சீட்டை நேற்றுக் கறுப்பன் தின்றுவிட்டான்.